பழைய கோவா புனித மோனிக்கா கன்னியர் மடம்: கல் வேலைக்காரன் பார்வையில்

எங்க எலத்தகிரி பக்கமிருந்து கோவா போகிறவர்கள், பாம் ஜீசஸ் ஆலயத்தில் புனித சவேரியாரின் உடலைப் பார்த்ததும் பீச்சுக்கு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். அங்கிருந்து மேட்டில் கொஞ்சம் நடந்தால் புனித மோனிக்கா கன்னியர் மடம். "பழைய கட்டடம் சார், ஒண்ணுமில்ல" என்றார் வேன் டிரைவர். நல்லவேளை, கேட்கவில்லை.

பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறை வைத்திருக்கிறேன், அதனால் கண் முதலில் கல்லுக்குத்தான் போகும். மூன்று அடுக்கு, நடுவில் பெரிய முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், எல்லாம் செம்புராங்கல். நம்ம கருங்கல் மாதிரி உளியை மழுக்காது. வெட்டும்போது இளக்கமாக இருந்து, காற்றுப் பட்டதும் இறுகும். ஆனால் உடம்பெல்லாம் துளை, மழையைக் குடித்துவிடும். அதற்குத்தான் சுண்ணாம்புப் பூச்சு. (பாம் ஜீசஸில் 1950களில் அதை உரித்தே விட்டார்கள். யார் கொடுத்த யோசனையோ!) வெளிச்சுவரில் வளைவாகச் சாய்ந்து நிற்கும் முட்டுகளை நிதானமாகப் பாருங்கள். உள்ளே வளைகூரை சுவரை வெளியே தள்ளும். அந்தப் பாரத்தை வாங்கித் தரையில் இறக்குவது இவைதான்.

பேராயர் மெனெசஸ் காலத்தில் 1606இல் ஆரம்பித்த வேலை 1627இல் முடிந்தது. 1636இல் தீப்பிடிக்க, மறுபடி கட்டினார்கள். அகுஸ்தினார் சபைக் கன்னியர் வெளியே வராமல் வாழ்ந்த அடைபட்ட மடம். நம்ம ஊர் சிஸ்டர்கள் ஸ்கூட்டியில் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பறக்கிறார்கள். அங்கே சேருவதற்கே வரதட்சணை கட்ட வேண்டுமாம். மடத்துக்குப் போனாலும் அது விடவில்லை!

பக்கத்திலேயே அதே சபைத் துறவிகளின் ஆலயம் இடிந்து, பாதிக் கோபுரம் மட்டும் நிற்கிறது. 1830களில் போர்த்துகல் அரசு சபைகளைக் கலைத்ததும் துறவிகள் வெளியேற, 1842இல் கூரை விழுந்தது. கன்னியரை மட்டும் இருக்கவிட்டார்கள், புதிதாக ஆள் சேர்க்கக் கூடாது என்று. கடைசிக் கன்னியர் இறந்தது 1885இல். ஆள் புழங்கி, ஓடு மாற்றி, ஒழுகலை அடைத்துக்கொண்டே இருந்ததால்தான் இது தப்பியிருக்கும் என்பது என் கணக்கு.

மடத்துக் கோயிலில் கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. தந்தச் சுரூபங்கள், வெள்ளிப் பாத்திரங்கள் அருமை. பெலிக்கன் பறவை வைத்த வெள்ளி நற்கருணைப் பேழையை (பூசையில் மந்திரித்த அப்பத்தை வைக்கும் பெட்டி) விட்டு வீட்டுக்காரம்மா நகரவே இல்லை. மடத்துக்குள் எல்லா இடமும் சுற்ற முடியாதது எனக்குக் குறைதான். ஐந்துக்கு நாலு. வயசானவர்களை மேடு வரை வண்டியிலேயே ஏற்றிவிடுங்கள், வெயிலில் அந்த ஏற்றம் முழங்காலைப் பிடித்துவிடும்.