டீசல் பிக்கப் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: "மைலேஜ் பேக்கேஜ்" என்று 2,795 டாலரைப் பிடுங்குகிறார்கள்

அமெரிக்காவில் முக்கால் டன் அல்லது ஒரு டன் வகுப்பு டீசல் பிக்கப் (பின்னால் திறந்த சரக்குத் தொட்டி உள்ள கனரக வண்டி) புதிதாக வாங்கும் எண்ணம் இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். டீலர் பெயரை இங்கே போடவில்லை. புது வண்டி விற்கும் பெரிய டீலர்ஷிப், அவ்வளவு தெரிந்தால் போதும். இதே வித்தையைப் பல இடங்களில் செய்கிறார்கள்.

போனது 2,795 டாலர். கடன் ஒப்பந்தத்தில் "ஃபியூயல் எஃபிஷியன்சி பேக்கேஜ்" என்று ஒற்றை வரி. அதற்குள் இருப்பது டயரில் நைட்ரஜன், ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் கோளாறு பார்க்கும் கருவியை மாட்டும் இடம்) செருகும் ஒரு "ஆப்டிமைசர்", டீசல் டேங்கில் ஊற்ற ஆறு பாட்டில் அடிட்டிவ். ஹைவேயில் காலனுக்கு 21 மைல் கிடைக்கும் என்றார்கள். பம்ப் ரசீதை வைத்துக் கணக்குப் போட்டால் வருவது 14.3. பின்னால் டிரெய்லர் இல்லை, பின் தொட்டியில் சுமை இல்லை, காலி வண்டி.

ஏமாற்று நடந்த இடம் வண்டியின் ஜன்னல் ஸ்டிக்கர். காரில் இருப்பதுபோல் இதில் மைலேஜ் எண் இல்லையே என்று கேட்டதும் விற்பனையாளர் சட்டென்று தமிழுக்கு மாறினார். "அண்ணா, ஹெவி டியூட்டிக்கு கவர்ன்மென்ட் நம்பர் போடமாட்டாங்க. நம்ம ஊர்க்காரர்கிட்ட போய்ப் பொய் சொல்வேனா? நான் ஓட்டறதும் இதே வண்டிதான். இந்த பேக்கேஜோட எனக்கு 21 நிக்குது."

முதல் வாக்கியம் முழு உண்மை. மொத்த எடை வரம்பு, அதாவது ஜிவிடபிள்யூஆர், 8,500 பவுண்டைத் தாண்டிய பிக்கப்புக்கு ஈபிஏ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) மைலேஜ் லேபிள் கட்டாயமில்லை. முக்கால் டன், ஒரு டன் வண்டிகள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலேதான். அதனால் விற்பவர் வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னாலும் "இதோ ஸ்டிக்கரில் வேறு மாதிரி இருக்கிறதே" என்று காட்ட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. ஒரு உண்மையைச் சொல்லி நம்பவைத்து, அதன் முதுகிலேயே பொய்யை ஏற்றி அனுப்பினார்கள். அதற்கு விலை 2,795 டாலர்.

அந்த ஆப்டிமைசரைக் கழற்றிப் பார்த்தாகிவிட்டது. நாலு திருகு, உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு போர்டு, மூன்று எல்இடி, ஒரு சின்ன சிப். ஓபிடி சாக்கெட்டில் 16ஆம் பின் பேட்டரி மின்சாரம், 4, 5 கிரவுண்டு. எஞ்சின் கம்ப்யூட்டரோடு பேச வேண்டுமென்றால் வண்டியின் கம்ப்யூட்டர்கள் தகவல் பரிமாறும் கேன் லைன்களான 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் இணைப்பு இருந்தாக வேண்டும். இதில் அந்த இரண்டு பின்னும் எங்கும் போகவில்லை. போர்டில் அவற்றுக்கு டிராக்கே கிடையாது. 16இலும் 4இலும் மட்டும் சால்டர். மின்சாரம் எடுத்து விளக்கைச் சிமிட்டுவதைத் தவிர அந்தப் பெட்டியால் எதுவும் செய்ய முடியாது. நூற்றுக்கும் மேற்பட்ட இப்படிப்பட்ட சாதனங்களை ஈபிஏ பரிசோதித்தும் மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டும் ஒன்றுகூட இல்லை என்று எஃப்டிசி (அமெரிக்க ஃபெடரல் வர்த்தக ஆணையம்) நுகர்வோருக்கு எழுதியே வைத்திருக்கிறது. நைட்ரஜனும் அதே கதை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு ஒழுங்காகக் காற்றடித்தாலே போதும். அடிட்டிவ் சீட்டேனை, அதாவது டீசல் எளிதில் பற்றிக்கொள்ளும் அளவை, கொஞ்சம் உயர்த்தும், குளிரில் ஸ்டார்ட் ஆகும்போது சத்தம் குறையலாம். 14 மைலை 21 ஆக்கும் பாட்டில் உலகில் இல்லை.

இந்த வண்டியின் பின் ஆக்சில் விகிதம் 4.10, அதாவது பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற டிரைவ் ஷாஃப்ட் 4.10 சுற்றுச் சுற்ற வேண்டும். டிரெய்லர் இழுக்க வேண்டும் என்று கேட்டே வாங்கியது, அதில் குறை சொல்லவில்லை. ஆனால் 3.55 விகிதத்தோடு ஒப்பிட்டால் அதே வேகத்துக்கு எஞ்சின் 15 சதவீதம் கூடுதலாகச் சுற்றும். 33 அங்குல டயர், டாப் கியர் 0.63 என்று வைத்துக்கொண்டால், 70 மைல் வேகத்தில் 3.55க்கு சுமார் 1,600 ஆர்பிஎம், 4.10க்கு சுமார் 1,840. மைலேஜ் அதே 15 சதவீதம் விழாது. அந்த வேகத்தில் பெரும்பகுதி டீசல் காற்றைக் கிழிக்கத்தான் போகிறது. ஆனால் கட்டாயம் விழும். இவ்வளவு உயரமான, இவ்வளவு கனமான வண்டியில் 4.10ஐப் போட்டுவிட்டு 70இல் 21 தரும் என்று சொல்ல, டீசல் விற்கும் எவருக்கும் நா கூச வேண்டும்.

பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. சொன்ன ஒவ்வொரு சாக்கிலும் கொஞ்சம் உண்மை கலந்திருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

முதலில் "ஓடி ஓடிப் பழகட்டும், 5,000 மைல் போகட்டும்" என்றார்கள். பிஸ்டன் ரிங் படிந்து, ஆக்சில் கியர் இறுக்கம் தளர்ந்தால் மைலேஜ் கொஞ்சம் கூடுவது நிஜம். அது ஒரு மைல் கூடும் கதை, ஏழு மைல் கூடும் கதை அல்ல. அடுத்து "குளிர்கால டீசல்". குளிரில் உறையாமலிருக்க நம்பர் 1 என்ற மெல்லிய ரகம் கலந்த டீசலில் வெப்ப ஆற்றல் சில சதவீதம் குறைவு, சரி. அதுவும் பாதி பள்ளத்தைக்கூட நிரப்பாது. அதன்பின் சர்வீஸ் பிரிவு: "ஃபால்ட் கோடு எதுவும் இல்லை, வண்டி நார்மல்." வண்டி நார்மல் என்றுதான் நாமும் சொல்கிறோம்! 21 என்று சொன்னதுதான் நார்மல் இல்லை. பேக்கேஜ் பணத்தைக் கேட்டால் ஃபைனான்ஸ் மேனேஜர் "அது இன்ஸ்டால் ஆயிடுச்சு, ரீஃபண்ட் கிடையாது" என்கிறார். கையால் செருகும் ஒரு பிளக், அதற்குப் பெயர் இன்ஸ்டால். விற்பனையாளர் இப்போது போனை எடுப்பதில்லை. 2,795 டாலர், அதற்கு வட்டி வேறு ஓடிக்கொண்டிருக்கிறது.

டேஷ்போர்டு காட்டும் எண்ணை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். இந்த வண்டியில் அது 16.1 என்று காட்டுகிறது, நிஜத்தை விடக் கிட்டத்தட்ட இரண்டு மைல் கூட. ரசீதுதான் சாட்சி. ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப், தானாக நாசில் நிற்கும் முதல் கிளிக்கோடு நிறுத்துங்கள். டீசல் நுரைக்கும், மேலே மேலே ஊற்றினால் கணக்கு கெடும். 10 காலன் போடும்போது ஒரு காலன் பிசகினால் 10 சதவீதம் தப்பு, 30 காலனில் அது 3 சதவீதம்தான். ஆகவே டேங்க் நன்றாகக் காலியான பிறகு நிரப்பி, நாலைந்து தடவை நிரப்பியதன் மொத்த மைலை மொத்தக் காலனால் வகுங்கள். டயரை 33இலிருந்து 35 அங்குலத்துக்கு மாற்றியிருந்தால், ஓடோமீட்டரைத் திருத்தாதவரை அது 6 சதவீதம் குறைத்துக் காட்டும். ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

டிபிஎஃப் ரீஜெனையும், அதாவது புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்வதையும், கவனியுங்கள். ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிக்க, சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்ற, எஞ்சின் கூடுதல் டீசல் எடுக்கும். அப்போது உடனடி மைலேஜ் சட்டென்று விழும், நிற்கும்போது ஐடில் ஏறும், சூட்டு வாடை வரும். பாதியில் அணைத்தால் கரி போகாது, கொஞ்ச நேரத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், டீசல் இரட்டைச் செலவு. சில எஞ்சின்களில் எரியாத டீசல் ஆயிலில் கலந்து ஆயில் மட்டமே ஏறும். கடைக்குப் போய் வரும் ஐந்து மைல் ஓட்டமும், ஏசிக்காக மணிக்கணக்கில் ஐடிலில் விடுவதும் இந்த வண்டிக்கு ஆகவே ஆகாது. சில நூறு மைலுக்கு ஒருமுறை ரீஜென் வருவது சகஜம். ஹைவே ஓட்டத்திலும் அடிக்கடி வந்தால் சென்சார், இஞ்செக்டர், ஈஜிஆர் (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் அமைப்பு) பக்கம் பார்க்கச் சொல்லி சர்வீஸில் எழுத்தில் வாங்குங்கள்.

மற்றதை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். மைலேஜ் எண் எதைச் சொன்னாலும் பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். மறுத்தால் அந்த எண் பொய். காலி வண்டி ஹைவேயில் பெரும்பாலும் 15 முதல் 19, கனமான டிரெய்லர் இழுத்தால் 8 முதல் 12 என்று வைத்து பட்ஜெட் போடுங்கள். ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்து, டீலர் சேர்த்த ஐட்டங்களை அடித்து நீக்கச் சொல்லுங்கள். மூன்று நாளில் திருப்பித் தரலாம் என்று நம்பாதீர்கள். ஃபெடரல் கூலிங் ஆஃப் விதி டீலர்ஷிப்பில் வாங்கிய வண்டிக்குப் பொருந்தாது. மைலேஜுக்காக டிபிஎஃப்பைக் கழற்றித் தருகிறேன் என்று வருபவரிடமும் மாட்டாதீர்கள். அது கிளீன் ஏர் சட்டத்துக்கு விரோதம், வாரண்டியும் போகலாம்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் அந்த பிளக்கைத் தூக்கிப் போடாதீர்கள். திறந்து, 6, 14 பின்கள் தெரியும்படி படம் எடுத்து, ஒப்பந்த நகலும் பங்க் ரசீதுகளும் சேர்த்து உங்கள் மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவுக்கும் எஃப்டிசிக்கும் புகார் அனுப்புங்கள். இந்த 2,795 டாலருக்கான புகார் போயாகிவிட்டது.