சன்ரூஃப் கண்ணாடி மாற்றி 14 மாதம்: அந்த இடதுபக்க விசில்

போன வாரம் நண்பர் ஒருவர் போனில் கேட்டார். "அண்ணே, என் வண்டிக்கும் சன்ரூஃப் கண்ணாடி போயிடுச்சு. பழையது வாங்கிப் போடலாமா, புதுசுக்கே போயிடலாமா?" பதில் சொல்ல ஆரம்பித்து அரை மணி நேரம் ஆகியும் முடியவில்லை. அவருக்குச் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

என்னுடையது சிங்கப்பூரில் 2008ல் பதிவான மெர்சிடிஸ் இ200 கொம்ப்ரெசர், டபிள்யூ211 வகை. இங்கே வண்டி வைத்திருக்க வாங்கவேண்டிய பத்தாண்டு உரிமைச் சான்றிதழான சிஓஇயை 2018ல் இன்னும் 10 ஆண்டுக்குப் புதுப்பித்தேன். 14 வயதைத் தாண்டிய வண்டி என்பதால் சாலை வரியில் 50 விழுக்காடு கூடுதல் கட்டணம், வருஷா வருஷம் சோதனை, எல்லாம் உண்டு. தெரிந்துதான் வைத்திருக்கிறேன். எஞ்சின், கியர், சீட் பற்றியெல்லாம் எழுத ஒன்றுமில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது. நான் எழுத வந்தது தலைக்கு மேலே, கூரையில் திறந்து மூடும் அந்த ஒரு கண்ணாடியைப் பற்றி.

போன வருஷம் ஜூன் மாதம், விடிவதற்கு முன்னால் சுமத்ரா காற்று, அதாவது மேற்கிலிருந்து மழையோடு திடீரென்று வீசும் பலத்த காற்று, அடித்த ஒரு நாள். ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்தில் திறந்தவெளி கார் நிறுத்துமிடம். அங்கே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். வழக்கமாக அதன் நிழலில்தான் நிறுத்துவேன். காலையில் இறங்கிப் போய்ப் பார்த்தால், மணிக்கட்டுப் பருமன்கூட இல்லாத ஒரு கிளை நேராகக் குத்தி இறங்கியிருந்தது. கூரையின் தகட்டில் ஒரு கீறல் இல்லை. கண்ணாடி மட்டும் முழுசாகப் போயிருந்தது. உள்ளே சீட், கியர், கப் வைக்கும் இடம் எல்லாம் கற்கண்டைக் கொட்டியது போலக் கண்ணாடித் துண்டுகள், அதன் மேல் மழைத்தண்ணீர்.

முன்பக்கக் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. கல் பட்டால் விரிசல் விடும், ஆனால் உதிராது. பழைய வண்டிகளின் சன்ரூஃப் பெரும்பாலும் அப்படியில்லை. சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்து இறுக்கிய ஒற்றைக் கண்ணாடி. பலம் அதிகம்தான், ஆனால் ஓரிடத்தில் உடைந்தால் மொத்தமும் பொடி. சின்ன விரிசல், ஒட்டிச் சமாளிக்கலாம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

முதல் வேலையாகக் காப்பீட்டு ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். 'விண்ட்ஸ்கிரீன்' என்று தனியாக இருந்த பாதுகாப்பு என் ஒப்பந்தத்தில் முன், பின், பக்கக் கண்ணாடிகளோடு முடிந்துவிட்டது. கூரை அதில் இல்லை. சொந்தச் சேதம் என்று கோரினால் 50 விழுக்காட்டில் இருந்த என்சிடி, அதாவது இழப்பீடு கோராதவர்களுக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தரும் தள்ளுபடி, 20க்கு இறங்கும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கைக்காசு போட முடிவு செய்தேன். நண்பருக்கும் இதைத்தான் முதலில் சொன்னேன்: கடைக்குப் போகுமுன் அந்தத் தாளைப் படியுங்கள், ஒவ்வொரு நிறுவனத்திலும் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள்.

புதுக் கண்ணாடிக்கு உதிரிபாகக் கடையில் சொன்ன விலை 1,600 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல், வந்து சேர ஆறு வாரம். மழைக்காலத்தில் கூரையில் ஓட்டையோடு ஆறு வாரம் முடியாது. நம் ஊரில் பத்து வயதானதும் பாதி வண்டி கழிவுக்குப் போய்விடுவதால், நல்ல நிலையில் இருக்கும் பழைய பாகங்கள் கிடைக்கும். ஒரு பட்டறையே தேடிப் பிடித்து 380 வெள்ளிக்கு ஒரு கண்ணாடி கொண்டுவந்தது. கூலி 180. ஒரே பகலில் வேலை முடிந்தது. வண்டியை எடுக்கும்போது கூரை பளபளவென்று இருந்தது, பொத்தானை அழுத்தினால் திறந்து மூடியது. மனசு நிறைந்துதான் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் தீவு விரைவுச்சாலையில் ஏறினேன். 78, 79 என்று முள் நகர்ந்தபோது இடது காதுக்கு மேலிருந்து ஒரு விசில். மெல்லியது. யாரோ பல்லிடுக்கில் காற்றை இழுப்பது போல. 85ல் கூர்மையாகிறது, 90ல் நிலைத்து நிற்கிறது. 75க்குக் கீழே வந்தால் நின்றுவிடும். அதாவது ஊருக்குள் ஓட்டும்போது எதுவும் இல்லை, பட்டறைக்குள் நிறுத்திக் காட்டும்போதும் எதுவும் இல்லை. விரைவுச்சாலையில் மட்டும், தினமும், அலுவலகம் போக வர இரண்டு தடவை.

பட்டறைக்குத் திரும்பப் போனேன். "பழைய வண்டி பாஸ், இப்படித்தான் இருக்கும்" என்றார்கள். இந்த வாக்கியத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அதே பழைய வண்டிதான் கிளை விழுவதற்கு முந்தின நாள்வரை சத்தமே இல்லாமல் ஓடியது. அதன் வயது ஒரே ராத்திரியில் கூடிவிடவில்லை. இரண்டாம் தடவை போனபோது ரப்பரில் ஏதோ கிரீஸ் தடவி அனுப்பினார்கள். நாலு நாள் குறைந்தது, ஐந்தாம் நாள் மழைக்குப் பிறகு திரும்ப வந்துவிட்டது. நியாயமாகச் சொல்லவேண்டும் என்றால், அவர்கள் தந்த கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது, சொன்ன விலைக்கு மேல் ஒரு வெள்ளி கேட்கவில்லை. ஆனால் ஒரு மனிதர் திரும்பத் திரும்ப வந்து ஒரு சத்தத்தைச் சொன்னால், ஒரு தடவையாவது கூட உட்கார்ந்து விரைவுச்சாலைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

எட்டு மாதம் அந்த விசிலோடு ஓட்டினேன். வானொலியைச் சத்தமாக வைத்துப் பார்த்தேன். பாட்டு நடுவே அமைதியாகும் இடத்திலெல்லாம் அது கேட்டது. கடைசியில் நானே கண்டுபிடிக்க உட்கார்ந்தேன்.

செய்தது இவ்வளவுதான். பெயின்ட் அடிப்பவர்கள் ஒட்டும் காகித டேப்பை வாங்கி, கண்ணாடிக்கும் கூரைக்கும் இடையிலுள்ள இடைவெளி நான்கு பக்கமும் மூடும்படி ஒட்டினேன். ஓட்டினால் விசில் இல்லை. ஆக, சத்தம் அங்கேதான். பிறகு ஒவ்வொரு பக்கமாக டேப்பை உரித்து ஓட்டிப் பார்த்தேன். பின்பக்கம் உரித்தேன், இல்லை. வலப்பக்கம், இல்லை. முன்பக்கத்தில் இடது மூலையோடு ஒரு சாண் உரித்ததும் விசில் வந்துவிட்டது.

அப்புறம் வீட்டுத் தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள் ஒன்றை நீளவாக்கில் நாலு துண்டாக வெட்டினேன். சன்ரூஃபைத் திறந்து, ஒரு துண்டை ஓரத்தில் வைத்து, மூடி, மெல்ல இழுத்துப் பார்த்தேன். வலப்பக்கம் முழுதும் தாள் கடித்துக்கொண்டு நின்றது, பலமாக இழுத்தால் கிழிந்தது. இடது முன்மூலையில் வைத்த துண்டு கையோடு வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த இடத்தில் விரலைத் தடவினால், கண்ணாடியின் முன்விளிம்பு கூரைத் தகட்டைவிட நகக்கனம் உயர்ந்திருப்பது தெரிந்தது. எட்டு மாதமாக நான் கையால் தொட்டுப் பார்க்காத இடம் அது.

அதன் பிறகுதான் காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கும் ஜொகூர்த் தம்பி ஒருவரிடம் போனேன். தினமும் மலேசியாவிலிருந்து மோட்டார்சைக்கிளில் கடற்பாலம் தாண்டி வருபவர். நாட்காட்டித் தாள் கதையைச் சொன்னதும் சிரிக்கவில்லை, ஏணிப்படி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி, கன்னத்தைக் கூரையோடு வைத்து, கண்ணாடியின் ஓரத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"அண்ணே, கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. உக்கார வச்ச விதம் சரியில்ல."

கண்ணாடியின் முன்விளிம்பு கூரையைவிட ஒரு துளி தாழ்ந்தும், பின்விளிம்பு ஒரு துளி உயர்ந்தும் இருக்கவேண்டுமாம். அப்போதுதான் முன்னாலிருந்து ஓடிவரும் காற்று எதிலும் முட்டாமல் வழுக்கிப் போகும். முன்விளிம்பு தூக்கிக்கொண்டால் காற்று அதில் மோதும். கூடவே ரப்பரும் தளர்ந்திருந்தால் அந்தச் சந்துதான் புல்லாங்குழல் துளை. எனக்குப் போட்ட கண்ணாடியின் ரப்பர், இன்னொரு வண்டியில் பல வருஷம் வெயில் குடித்துக் கட்டிப்பட்டது. நகத்தால் அழுத்திக் காட்டினார், குழி அப்படியே நின்றது. நல்ல ரப்பர் என்றால் உடனே எழும்பிவிடும்.

புது ரப்பர் 140 வெள்ளி, கூலி 120. இரண்டு பக்கத் திருகுகளையும் தளர்த்தி, முன்மூலையை அழுத்தி, பாதி இறுக்கி, மூடி, தாள் வைத்து இழுத்து, திரும்பத் தளர்த்தி... இப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல். முடிந்ததும் பொத்தானைப் பிடித்து மோட்டாருக்கு முழுசாக மூடும் இடத்தை மறுபடி பழக்கிவிட்டார். பிறகு நான் கேட்காமலே பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "வாங்கண்ணே, ஹைவே போய் பாத்துட்டு வருவோம்" என்றார். 80, 85, 90. டயர் சத்தம் மட்டும்தான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, உண்மையாகவே.

அன்று அவர் செய்த இன்னொரு வேலையையும் சொல்லவேண்டும். சன்ரூஃப் என்பது தண்ணீர் புகவே புகாத மூடி என்று பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். அதைப் பிடிக்கக் கண்ணாடிக்குக் கீழே ஒரு வாய்க்கால், அதன் மூலைகளிலிருந்து தூண்களுக்குள்ளே இறங்கும் மெல்லிய குழாய்கள். ஜனவரியில் விடாமல் மழை பெய்தபோது இடது முன்சீட்டுக் கீழே கம்பளம் ஈரமாக இருந்தது. அம்மா உட்காரும் இடம். செருப்பு நனைந்துவிட்டது என்று சொன்னார், நான் குடைத்தண்ணீர் என்று நினைத்து விட்டுவிட்டேன். அது குழாய் அடைப்பு. தம்பி மூலையில் ஒரு சின்னக் குவளைத் தண்ணீர் ஊற்றினார், போகவில்லை, குளம்போல நின்றது. புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் நைலான் நரம்பை மெதுவாக உள்ளே விட்டு ஆட்டி எடுத்தார். வெளியே வந்தவை, அரிசியளவு கண்ணாடித் துண்டுகள் மூன்று, அவற்றைச் சுற்றிப் பசை போலக் கட்டிக்கொண்ட தூங்குமூஞ்சி இலைகள். அந்த மரத்தின் சிற்றிலைகள் சின்னவை, உதிர்ந்தால் எந்தச் சந்திலும் நுழையும். மறுபடி தண்ணீர் ஊற்றியதும் முன்சக்கரத்துக்குப் பின்னால் தரையில் சொட்டியது. காற்றழுத்தம் வைத்து ஊதக் கூடாது என்றும் சொன்னார். உள்ளே குழாய் இணைப்பு கழன்றால் தண்ணீர் தூணுக்குள்ளேயே கொட்டும், அதை எடுக்க உட்கூரைத் துணியையே இறக்கவேண்டும்.

அதற்குப் பிறகு ஆறு மாதம். விசில் இல்லை, ஈரம் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வாய்க்காலைத் துணியால் துடைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறேன். மரத்தடியில் நிறுத்துவதில்லை, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பலமாடிக் கார் நிறுத்துமிடத்துக்குள் போய்விட்டேன்.

போன மாதம் சென்னையிலிருந்து வந்த சித்தியை அழைத்துவர சாங்கி விமான நிலையத்துக்குப் போனோம். திரும்பும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. கிழக்குக் கடற்கரை விரைவுச்சாலையின் அந்தப் பகுதியில் இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள் வளைந்து நிற்கும். அம்மா உள்திரையைத் தள்ளிவிட்டுத் தலையைச் சாய்த்து மேலே பார்த்துக்கொண்டு வந்தார். இலைகள் மடங்க ஆரம்பித்திருந்தன, கிளைகளுக்கு நடுவே வானம் தெரிந்தது. "இங்க பாரு, எல்லாம் தூங்கப் போகுது" என்று சித்தியிடம் காட்டினார். வண்டிக்குள் ஒரு சத்தம் இல்லை. 90ல் போய்க்கொண்டிருந்தோம்.

இவ்வளவு சொன்ன பிறகும், அடுத்த வண்டியில் சன்ரூஃப் வேண்டாம் என்பதுதான் இன்றைக்கு என் முடிவு. நேற்று வாய்க்காலைத் துடைக்கும்போது இன்னொரு கண்ணாடித் துண்டு அகப்பட்டது. 14 மாதம் கழித்து. கூட்டிப் பார்த்தால் 820 வெள்ளி, எட்டு மாதத் தலைவலி. வெயில் கொளுத்தும் ஊரில் வருஷத்தில் எத்தனை நாள் அதைத் திறக்கிறோம்? அம்மா இதற்குச் சம்மதிக்கவில்லை. சிஓஇ முடியும் 2028ல் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.

நண்பரே, உங்கள் கேள்விக்குப் பதில்: பழைய கண்ணாடி போதும், ஓரத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று மட்டும் விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். விளிம்பில் அடிபட்ட கண்ணாடி எப்போது வேண்டுமானாலும் உதிரும். உங்களுடையது கூரையின் பெரும்பகுதியை மூடும் பனோரமிக் வகையா, சின்னதா என்று சொல்லிக் கேளுங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ரப்பர் மட்டும் புதுசு. உடைந்த துண்டுகளை வாய்க்காலிலிருந்து எடுக்காமல் மாற்றுக் கண்ணாடியை மாட்ட விடாதீர்கள். சனிக்கிழமை காலை காக்கி புக்கிட்டுக்குப் போகலாம், தம்பியிடம் சொல்லி வைத்துவிட்டேன். நாட்காட்டித் தாள் நான் எடுத்து வருகிறேன்.