வயலையும் சதுப்பையும் காக்க: எல்லைக்கோடா, உரிமையை வாங்குவதா?

நகரம் இதற்கு மேல் பரவக்கூடாது என்று சட்டத்தில் கோடு போடுவது ஒரு வழி. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1973-இல் அதற்குச் சட்டம் போட்டது. செலவு குறைவு, பெரும்பரப்பு ஒரே வீச்சில் தப்பும். ஆனால் நில மதிப்பு விழுகிறதே என்ற விவசாயியின் ஆதங்கம் நியாயமானது.

நிலத்தில் வீடு கட்டும் உரிமையை மட்டும் அரசு விவசாயியிடம் விலைக்கு வாங்குவது இன்னொரு வழி. நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) 1970-களில் இதைத் தொடங்கியது. நிலம் விவசாயியிடமே இருக்கும். உழலாம், விற்கலாம், மனை மட்டும் போட முடியாது. பணம்தான் சிக்கல். அப்புறம், விருப்பமில்லாதவர் நிலம் நடுவில் ஓட்டையாக நிற்கும்.

வயலுக்கு அந்த ஓட்டையைச் சமாளிக்கலாம். சதுப்புக்கு முடியாது: ஒரு மூலையில் மண் கொட்டி மேடாக்கினாலும் அங்கே தேங்கிய நீர் பக்கத்து வீடுகளுக்குள்தான் போகும். எனவே சதுப்புக்குக் கண்டிப்பான கோடே வேண்டும். வயலுக்குக் கோட்டோடு காசும் வேண்டும்.