தண்ணீர் இறங்காத வாஷிங் மெஷினுக்கு ரூ.6,850 பிடுங்கினார்கள்: கோவைக்காரர்கள் உஷார்

கணபதி, ஆவாரம்பாளையம், சரவணம்பட்டிப் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படித்துவிடுங்கள். ரூ.6,850 போய்விட்டது. கெட்டே போகாத ஒரு போர்டுக்காக, அதாவது மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட் அட்டைக்காக. கடைசியில் நீங்களே என்ன பார்க்கலாம் என்றும் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது.

எங்கள் வீட்டில் இருப்பது முன்பக்கம் கதவு வைத்த ஃபிரண்ட் லோடு மெஷின். கம்பெனி பெயர் வேண்டாம், அவர்கள் மேல் தப்பில்லை. துவைத்து முடித்துத் தண்ணீர் வெளியேற வேண்டிய நேரத்தில், கீழே 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் மட்டும் வந்தது. தண்ணீர் இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எரர் கோடு காட்டி நின்றுவிட்டது. உள்ளே பிள்ளைகளின் யூனிஃபார்ம் சோப்புத் தண்ணீரில் மிதக்கிறது, கதவும் லாக்.

கம்பெனி பெயரோடு 'கஸ்டமர் கேர் கோயம்புத்தூர்' என்று போட்டுப் போனில் தேடினேன். முதலில் வந்தது வீட்டுக்கு வேலையாள் தேடித் தரும் ஒரு ஆப். அதில் கம்பெனியின் லோகோ, கம்பெனியின் பெயர், நாலரை ஸ்டார். கூப்பிட்டால் ஒரு பெண் அவ்வளவு மரியாதையாக மாடல் நம்பர் கேட்டாள், எந்த வருடம் வாங்கியது என்று கேட்டாள். "கம்ப்ளெயிண்ட் நம்பர் மெசேஜ்ல வருங்க மேடம்" என்றாள். வந்தது. இதற்கு மேல் என்னத்தைச் சந்தேகப்படுவது?

வந்த பையன் கம்பெனி கலரில் டீ ஷர்ட் போட்டிருந்தான், கழுத்தில் கார்டு. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். நான் ரெண்டு வார்த்தை பேசியதுமே, "அக்கா, நீங்க கோபிப் பக்கங்களா? பேச்சுலயே தெரியுதுங்க. நமக்கு நம்பியூருங்க" என்றான். எனக்குப் பிறந்த ஊர் கோபிதான். மோர் கலக்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரை அவனே கொண்டுபோய்த் தொட்டியில் கழுவி வைத்தான். அந்த டம்ளரை நினைத்தால்தான் இப்போது அதிகமாக எரிகிறது.

"போர் தண்ணிங்களா, சிறுவாணிங்களா?" என்று கேட்டான். ரெண்டும்தான் என்றேன். "அதானுங்க. உப்புத் தண்ணிக்கு போர்டு போயிருச்சுங்" என்றான். உப்புத் தண்ணீர் ஹீட்டரில் படியும், டிரம்மில் வெள்ளையாக ஒட்டும். போர்டுக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அவன் சொன்ன விதத்தில் டாக்டர் ரிப்போர்ட் படிக்கிற தெளிவு இருந்தது. புதுப் போர்டு பதினோராயிரம் ஆகுமாம், நம்ம ஊர்க்கார அக்காவுக்கு ரூ.6,500க்கே ஒரிஜினல் போட்டுத் தருவானாம். விசிட் சார்ஜ் ரூ.350. ஆக ரூ.6,850.

நான் பழைய துணியும் பக்கெட்டும் எடுக்கப் பின்னால் போய்விட்டு வருவதற்குள் தரையெல்லாம் தண்ணீர், மெஷின் கதவு திறந்திருந்தது. போர்டை மாற்றினான். காலி டிரம்மில் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஓட்டிக் காட்டினான். இறங்கியது. பணம் போடும்போது ஸ்கேன் செய்ய கம்பெனி கோடு கேட்டேன். "சர்வர் டவுனுங்க, என் நம்பருக்கே போட்டுருங்க, ஆபீஸ்ல கட்டிக்கறேன்" என்றான். ரசீது என்று ஒரு துண்டுச் சீட்டு, ரப்பர் ஸ்டாம்ப், ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. பழைய போர்டைக் கேட்டேன். "கம்பெனியில ஒப்படைக்கோணுங்க்கா." பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அடுத்து துணி போட்டபோது அதே முனகல், அதே எரர் கோடு.

அப்புறம் ஆரம்பித்ததுதான் பந்து விளையாட்டு. முதலில் "டெக்னீஷியன் லைன்ல இருக்காருங்க மேடம், சாயங்காலம் வந்துருவாரு." அப்புறம் "ஸ்பேர் சென்னையில இருந்து வரோணும்." அப்புறம் "நீங்க லோடு ஜாஸ்தி போட்டிருப்பீங்க, அதுக்கு வாரண்டி இல்லைங்க." கொஞ்சம் குரலை உயர்த்தியதும் அந்த மரியாதைக்காரப் பெண் போனையே எடுப்பதில்லை. பையனின் வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. ஆப்காரர்களிடம் புகார் போட்டால், "நாங்கள் விளம்பரம் மட்டுமே வெளியிடுகிறோம், சேவைக்குப் பொறுப்பல்ல" என்று பதில். அந்த விளம்பரம் இன்னமும் நாலரை ஸ்டாரோடு அங்கேயேதான் இருக்கிறது. நான் போட்ட ஒற்றை ஸ்டார் 'பரிசீலனையில்' இருக்கிறதாம்.

மெஷின் பார்க்க ஆள் வந்த அன்றைக்கு என் மாமனார் அன்னூரில் ஒரு பெரிய காரியத்துக்குப் போயிருந்தார். அவர் ஆவாரம்பாளையத்தில் பம்ப்செட் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திரும்பி வந்து முனகலைக் கேட்டார். "கரண்டு வராமயா கண்ணு முனகுது? போர்டு கரண்டை அனுப்புது, தண்ணிய வெளியேத்துற பம்புக்குள்ள விசிறி சுத்தமாட்டேங்குது. எதையோ கடிச்சுப் புடிச்சிருக்குது" என்றார். இந்தியாவுக்கே பம்பு செய்து அனுப்புகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, உள்ளங்கை அளவு பம்புக்கு ரூ.6,850 அழுதிருக்கிறோம்.

பிறகு மெஷினில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இருக்கும் நம்பரைக் கூப்பிட்டு, கம்பெனியின் அசல் ஆளை வரவழைத்தோம். அவர் பின்பக்கம் போகவே இல்லை. முன்னால் கீழ் மூலையில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு குட்டி டியூப். அதன் அடைப்பானைப் பிடுங்கித் தட்டில் தண்ணீரை வடித்தார். பக்கத்தில் இருந்த ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகி உருவினார். நனைந்த கம்பளித் துண்டு போலச் சாம்பல் நிறப் பஞ்சு வந்தது. என் வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, அவர் சட்டையில் ஒட்டிவரும் நூலெல்லாம் அதில்தான் இருந்தது. அதற்கும் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், பம்பின் விசிறி இதழுக்கு நடுவே மகள் தலையில் குத்தும் கறுப்பு ஸ்லைடு குறுக்கே மாட்டி நிற்கிறது. மூக்குக் குறடால் இழுத்தார். விசிறி விரலுக்குச் சுற்றியது. அவ்வளவுதான்.

அந்தப் பையன் என்ன செய்திருக்கிறான் என்று அவர்தான் விளக்கினார். டியூப் வழியாகத் தண்ணீரை வடித்துவிட்டு, விசிறியை லேசாக அசைத்துவிட்டிருக்கிறான். காலி டிரம்மில் அது கொஞ்ச நேரம் சுற்றியிருக்கும். துணி போட்டு ஓட்டியதும் ஸ்லைடு மறுபடி மாட்டிக்கொண்டது. மாட்டியிருக்கும் போர்டில் பழைய சால்டரிங் தடம் இருக்கிறது, அதாவது அது புதுசே இல்லை. நல்லாயிருந்த என் போர்டு இந்நேரம் யார் வீட்டு மெஷினில் 'ஒரிஜினல்' ஆகியிருக்கிறதோ. ரூ.6,850 கொடுத்து என் பொருளையும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

1915க்குப் புகார் சொல்லியிருக்கிறேன், அது நுகர்வோர் உதவி எண். பணம் ஆன்லைனில் போனதால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930இலும் பதிவு செய்திருக்கிறேன். அசையாவிட்டால் கோவை நுகர்வோர் ஆணையம்தான். ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. ரூ.6,850 வராவிட்டாலும் அலையவைக்காமல் விடப்போவதில்லை.

நீங்களே என்ன பார்க்கலாம் என்று எழுதுகிறேன் என்றேன், குக்கர் விசில் அடிக்கிறது. சுருக்கமாக:

முனகல் கேட்டால் முதலில் பம்பைச் சந்தேகப்படுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். சுடுதண்ணீர் வாஷ் என்றால் ஆறவிடுங்கள். கீழ் மூடி, டியூப், ஃபில்டர், இந்த வரிசை. டியூப் இல்லாத மெஷினில் ஃபில்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள், இல்லாவிட்டால் வீடு குளமாகும். பின்னால் தண்ணீர் வெளியேறும் டிரெயின் ஹோஸ் சுவரோடு நசுங்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். எரர் கோடாக எல்ஜியில் ஓஈ (OE), சாம்சங்கில் 5சி (5C), போஷில் ஈ18 (E18) வந்தால் இதே விவகாரம்தான். டாப் லோடு மெஷின் நிறையவற்றில் இந்த மூடி இருக்காது, அதற்கு ஆள்தான் வேண்டும்.

தேடலில் வரும் நம்பரைக் கூப்பிடாதீர்கள். ஸ்டிக்கர், வாரண்டி கார்டு, அவ்வளவுதான். சொந்த நம்பருக்குப் பணம் கேட்டால் போடாதீர்கள். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்காமல் யாரையும் கேட்டைத் தாண்ட விடாதீர்கள்.

நம்பியூர்க்காரன் என்று சொல்லிக்கொண்டு, கேட்காமலே டம்ளர் கழுவி வைக்கிற ஆள் உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். புகாரைச் சேர்ந்தே கொடுக்கலாம்.