கோட்டைக்குள்ளா, அரண்மனையிலா, குடிசையிலா? தார்ப் பாலைவனத்தில் இரவு தங்க எது நல்லது

மேற்கு ராஜஸ்தானுக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் எந்தக் கோட்டையைப் பார்ப்பது என்றுதான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அதில் குழம்ப ஒன்றுமில்லை. ஜோத்பூரின் மெஹ்ரான்கர், ஜெய்சல்மேர்க் கோட்டை இரண்டையும் பார்த்துவிட வேண்டியதுதான். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 280 கிலோமீட்டர், ரயிலும் உண்டு, நல்ல சாலையும் உண்டு. உண்மையில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது இரவை எங்கே கழிப்பது என்பதைத்தான். ஜெய்சல்மேர்க் கோட்டைக்குள்ளேயே தங்கலாம், விடுதியாக மாறிய அரண்மனையில் தங்கலாம், மணல்மேடுகளுக்கு அருகே ஒரு கிராமத்து வீட்டில் தங்கலாம். இரண்டு பயணங்களில் மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். முதல் பயணம் நானும் மனைவியும் மட்டும். இரண்டாவதில் மாமனாரும் மாமியாரும் உடன் வந்தார்கள். என் சாய்வு கிராமத்தின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பணம், வசதி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அரண்மனையில் ஓரிரவுக்குக் கொடுத்த தொகையில் கிராமத்தில் இருவர் நான்கு இரவுகள் மூன்று வேளைச் சாப்பாட்டுடன் இருந்திருக்கலாம். கோட்டை விடுதி இரண்டுக்கும் நடுவே வரும். மெத்தையும் வெந்நீரும் முக்கியமென்றால் அரண்மனை, சாளரக் காட்சி முக்கியமென்றால் கோட்டை. இதோடு முடிந்திருக்க வேண்டிய கணக்கைத் தலைகீழாக்கியது, நான் முதலில் எண்ணிப் பார்க்கவே இல்லாத ஒன்று: தண்ணீர்.

கோட்டையிலிருந்து தொடங்குகிறேன். ராவல் ஜெய்சல் 1156-இல் திரிகூட மலைமேல் எழுப்பிய இந்தக் கோட்டையை, மக்கள் இன்றும் குடியிருக்கும் கோட்டை என்பதற்காகவே பலர் தேடி வருகிறார்கள். 99 கொத்தளங்கள், 15-ஆம் நூற்றாண்டை ஒட்டிய சமணக் கோயில்கள், தேன்மஞ்சள் கல்லில் செதுக்கிய மாடங்கள், அவற்றுக்குக் கீழே மளிகைக்கடை, தையல்கடை, படுத்து அசைபோடும் மாடு. எங்களுக்குக் கிடைத்த அறையின் சன்னல் மதிலின் கனத்துக்குள்ளேயே குடைந்து அமைக்கப்பட்டிருந்தது. அந்தக் குடைவில் மெத்தை விரித்து ஒருவர் காலை நீட்டிப் படுக்கலாம். விடியற்காலையில் அங்கே உட்கார்ந்து கீழே நகரம் சாம்பல் நிறத்திலிருந்து பொன்னிறமாவதைப் பார்த்தது மறக்கக்கூடியதல்ல. அதை மறைத்துவிட்டு ஒப்பீடு எழுதினால் நேர்மையாகாது.

ஆனால் அந்த அறையின் குளியலறைச் சுவரில், முழங்கால் உயரத்துக்கு, சுண்ணாம்பு உப்பி உதிர்ந்து கிடந்தது. தொட்டால் ஈரம். ஆண்டின் சராசரி மழையே 200 மில்லிமீட்டர் அளவில் இருக்கும் ஊரில், டிசம்பர் மாதத்தில், சுவர் எப்படி ஈரமாக இருக்கும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. ஊர் திரும்பிய பிறகு படித்தபோதுதான் விளங்கியது. கோட்டை நிற்கும் குன்று ஒரே பாறையல்ல. மணற்கல்லும் களிமண் கலந்த மென்பாறையும் அடுக்கடுக்காக அமைந்தது. கட்டுமானத்தில் பெரும்பகுதி சாந்து வைக்காமல் கல்லோடு கல்லைப் பொருத்தியது. குடங்களில் தண்ணீர் சுமந்து வந்து அளந்து புழங்கிய காலத்தில் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை. குழாய்த் தண்ணீர் வந்தது. பின்னால் சுற்றுலா வளர்ந்து அறைக்கு அறை கழிவறையும் குளியலறையும் வந்தன. குழாய்களிலும் சாக்கடையிலும் கசிந்த நீர் வெளியேற வழியின்றிக் குன்றுக்குள் இறங்கியது. ஈரம் ஏறிய களிமண் உப்பும், இளகும், நழுவும். மேலே உள்ள மதில் அதனுடன் நகரும். கொத்தளங்களே சரிந்து விழுந்திருக்கின்றன. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996-இல் வெளியிட்ட தன் முதல் ஆபத்துப் பட்டியலிலேயே ஜெய்சல்மேர்க் கோட்டையைச் சேர்த்தது. 2013-இல் யுனெஸ்கோ ராஜஸ்தானின் ஆறு மலைக்கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது அவற்றுள் இதுவும் ஒன்று. பெருமை கூடியது, வருகிறவர் கூட்டமும் கூடியது. சில பயண வழிகாட்டி நூல்கள் கோட்டைக்குள் உள்ள விடுதிகளைப் பரிந்துரைப்பதையே நிறுத்திவிட்டன.

அதாவது, 800 ஆண்டுகளுக்கு மேல் படையெடுப்பையும் முற்றுகையையும் பார்த்த கோட்டையைக் கரைப்பதில் எங்கள் காலை வெந்நீர்க் குளியலுக்கும் ஒரு பங்கு உண்டு. வடிகால் சீரமைப்பு வேலைகள் பலமுறை நடந்துள்ளன. ஆனாலும் அந்த ஈரச்சுவரை விரலால் தொட்டுப் பார்த்தவனுக்கு அங்கே மறுபடி அறை எடுக்க மனம் வரவில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. விருந்தினர் வருமானத்தை நம்பி உள்ளே பல குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களும் கீழே இறங்கிவிட்டால் குடியிருப்புக் கோட்டை வெறும் காட்சிக்கூடமாகிவிடும். அதனால் உள்ளே சாப்பிடுகிறேன், உள்ளே பொருள் வாங்குகிறேன், தூங்குவதற்கு மட்டும் கீழே வந்துவிடுகிறேன். இது முழுத் தீர்வாகாது என்பதும் தெரியும்.

மெஹ்ரான்கரில் இந்தத் தர்மசங்கடமே எழாது, ஏனெனில் அங்கே யாரும் தங்க முடியாது. ராவ் ஜோதா 1459-இல் தொடங்கிய அந்தக் கோட்டையை 1972-இல் அமைக்கப்பட்ட அறக்கட்டளை அருங்காட்சியகமாக நடத்துகிறது. லோகா போல் வாயிலின் பக்கச்சுவரில், உடன்கட்டை ஏறிய அரசகுலப் பெண்களின் கைத்தடங்கள் குங்குமமும் வெள்ளித்தாளும் பூசப்பட்டு வரிசையாக இருக்கின்றன, சிறிய கைகள். மாமியார் அதன் முன் நின்றவர் அப்புறம் பல்லக்குகளையோ ஷீஷ் மகாலையோ பார்க்க வரவில்லை. கோட்டையைப் பேணுவதில் மெஹ்ரான்கரின் வழி மேலானது, உயிரோட்டத்தில் ஜெய்சல்மேர் மேலானது என்பதற்கு மேல் இங்கே நீட்டத் தேவையில்லை.

அடுத்து அரண்மனை. ஜோத்பூரின் உமைத் பவனில் நாங்கள் தங்கவில்லை, அங்கே தங்குமளவு எங்களுக்கு வசதியும் இல்லை. அருங்காட்சியகப் பகுதியை மட்டும் பார்த்தோம். பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு வேலை கொடுப்பதற்காக மகாராஜா உமைத் சிங் 1929-இல் தொடங்கி, 1943-இல் முடித்த 347 அறைகள் கொண்ட மாளிகை அது. நாங்கள் தங்கியது ஜோத்பூருக்கு வெளியே, அரசரிடம் நிலமானியம் பெற்றிருந்த முன்னாள் ஜாகிர்தார் குடும்பம் ஒன்று நடத்தும் சிறிய அரண்மனை. இத்தகைய வீடுகள் விடுதிகளானதற்குப் பின்னே ஒரு கதை உண்டு: 1952-இல் வந்த சட்டம் ஜாகிர் நிலங்களை எடுத்துக்கொண்டது, 1971-இல் அரச மானியமும் ஒழிக்கப்பட்டது. தாக்குர்கள் எனப்பட்ட நிலக்கிழார்களிடமும் மகாராஜாக்களிடமும் மிஞ்சியவை ஒழுகும் கூரைகளும் நூறு கதவுகளும்தான். அறைகளை வாடகைக்கு விட்டதால்தான் பல மாளிகைகள் இடியாமல் நிற்கின்றன. கோட்டைக்குத் தீங்கு செய்யும் விருந்தினர் கூட்டமே இங்கே கட்டடத்தைத் தாங்கிப் பிடிக்கிறது என்பதால், பராமரிப்பு என்ற ஒரே அளவுகோலில் பார்த்தால் அரண்மனைக்கே என் வாக்கு.

ஆயினும் இரண்டாம் நாள் காலையில் சலிப்பு வந்துவிட்டது. எங்கள் அறைக்கு முன்னால் பச்சைப் புல்தரை. விடியும்போது ஒருவர் குழாயால் அதற்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார், நாங்கள் சிற்றுண்டி முடித்து வந்தபோதும் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மதிலுக்கு வெளியே ஐந்நூறடி தூரத்தில் பெண்கள் தலையில் குடத்துடன் நடந்தார்கள். பாலைவனத்தைப் பார்க்க வந்துவிட்டு, பாலைவனத்தை மறக்கச் செய்யும் இடத்தில் பணம் கொடுத்துப் படுத்திருக்கிறோமே என்று தோன்றியது. வயதானவர்கள் இருவரும் மட்டும் அங்கேதான் நிம்மதியாகத் தூங்கினார்கள். அதையும் கணக்கில் வைக்கத்தான் வேண்டும்.

கிராமத்துக்கு வருகிறேன். ஜெய்சல்மேருக்குத் தென்மேற்கே நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் தள்ளி இருக்கிறது கூரி. மண்சுவர்க் குடிசைகள், புல்வேய்ந்த கூம்புக் கூரைகள், சாணமும் களிமண்ணும் சேர்த்து மெழுகிய முற்றம், சுவரில் வெள்ளைக் கோலங்கள். வீட்டுக்காரர் "ராம் ராம் சா" என்று கைகூப்பி வரவேற்றுக் கயிற்றுக் கட்டிலைக் காட்டினார். அடுத்து அவர் எங்களை அழைத்துப்போய்க் காட்டியது மணல்மேட்டையல்ல, வீட்டுக்குப் பின்னால் இருந்த டாங்காவை.

டாங்கா என்பது தரைக்கடியில் வட்டமாகத் தோண்டிப் பூசிய மழைநீர்த் தொட்டி. அதைச் சுற்றித் தட்டுப்போலச் சரிவாக இறுக்கிய மண்தரைக்கு ஆகோர் என்று பெயர். அதன்மேல் விழும் மழை நடுவிலுள்ள சிறு துளைகள் வழியே உள்ளே இறங்கும். மழைக்காலத்துக்கு முன்னால் ஆகோரைப் பெருக்கித் துப்புரவாக்குவார்கள், செருப்புடன் யாரும் மிதிப்பதில்லை. தொட்டியின் வாய்க்கு இரும்பு மூடி, மூடிக்குப் பூட்டு, சாவி வீட்டு மூதாட்டியின் இடுப்பில். அந்தச் சாவிக்கொத்தில் நகைப்பெட்டிச் சாவியும் இருந்தது. மேற்கு ராஜஸ்தானின் மார்வார்ப் பகுதியில் தண்ணீருக்கு மூன்று சாதி: நேரே விழுந்து சேர்ந்த மழைநீர் பாலர் பானி, ஆழ்கிணற்றில் கிடைப்பது பாதாள் பானி, இவற்றுக்கு நடுவே ஜிப்சம் படிவம் தாங்கி வைத்திருக்கும் மண்ணீரம் ரேஜானி பானி. பாதாள் பானி பல இடங்களில் உப்பு. இரண்டையும் ஒரு வாய் பருகக் கொடுத்தார்கள். டாங்கா நீருக்கு முன் மற்றது கடற்கரைக் கிணற்று நீர்போல நாக்கில் கரித்தது.

அங்கே இருந்த இரண்டு நாளும் எங்களுக்கு ஆளுக்கு ஒரு வாளி நீர். பாத்திரங்களை மருமகள் உலர்ந்த மணலாலேயே தேய்த்தார். வெண்கலத் தட்டு பளபளத்த பிறகு ஒரு கை நீரில் அலசி எடுத்தார். நான் கைகழுவிய நீர் விழுந்த இடத்தில் ஒரு ரோகிடா மரக்கன்று நின்றது. அது தற்செயலாக அங்கே நிற்கவில்லை என்பது இரண்டாம் நாள்தான் எனக்குப் புரிந்தது. அதற்கு முன்பு ஜெய்சல்மேரில் மழைநீரைத் தேக்க வெட்டிய காட்ஸிசர் ஏரியையும், பாலிவால் பிராமணர்கள் விட்டுச் சென்ற குல்தாராவின் கூரையிழந்த வீடுகளையும் பார்த்தபோது அழகாக இருக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டு வந்தேன். கூரியில் இருந்து திரும்பிய பிறகு அவை இரண்டும் நீரைச் சேர்த்தவர்களின் ஊர், நீரை இழந்தவர்களின் ஊர் என்று வேறுவிதமாகத் தெரிந்தன. கோட்டைகளை விளங்கிக்கொள்ளக்கூடக் கிராமத்தில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

சாப்பாடு கம்பு ரொட்டி, மோர், பூண்டுச் சட்டினி, கேர்–சாங்க்ரி. சாங்க்ரி என்பது கேஜ்ரி மரத்தின் காய். அந்தக் கேஜ்ரிதான் நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னி. ஜோத்பூருக்கு அருகே கேஜர்லியில், அரண்மனை வேலைக்குச் சுண்ணாம்பு சுட இதே மரங்களை வெட்ட வந்தபோது, 1730-இல், மரங்களையும் விலங்குகளையும் காப்பதை நெறியாகக் கொண்ட பிஷ்னோய் சமூகத்தார், அம்ருதா தேவியில் தொடங்கி 363 பேர், மரங்களைக் கட்டிக்கொண்டு உயிர்விட்டார்கள். ஜோத்பூரை ஒட்டிய பிஷ்னோய் ஊர்களையும், சாலாவாசில் தரைவிரிப்பு நெய்வோரையும் ஜீப்பில் அரைநாளில் பார்த்து வரலாம். நானும் போனேன். நெசவு நன்றாக இருந்தது. பஞ்சா என்ற இரும்புச் சீப்பால் ஊடையை அடித்து இறுக்கும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வீடு அபின் கரைத்துக் காட்டும் சடங்கை வண்டி வந்து நின்றதும் நடத்துவது எனக்கு ஒப்பவில்லை. அரைநாளில் கிராமம் நம்மைப் பார்த்துவிடும், நாம் கிராமத்தைப் பார்த்திருக்க மாட்டோம்.

கிராமம் என்ற பெயரில் விற்கப்படும் எல்லாமும் கிராமமல்ல. ஜெய்சல்மேருக்கு மேற்கே நாற்பது கிலோமீட்டரில் உள்ள சம் மணல்மேடுகளில் கூடாரங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. முதல் பயணத்தில் அங்கே ஓரிரவு மாட்டிக்கொண்டோம். இரவு பதினொன்று வரை ஒலிபெருக்கி, மணலில் உறுமும் ஜீப், கூடாரத்துக்குள் பளிங்குக் கழிவறை, எல்லாவற்றுக்கும் லாரியில் வந்த தண்ணீர். பெயர் சொல்லப்போவதில்லை, ஒன்றைச் சொன்னால் மற்றவை நல்லவை என்றாகிவிடும்.

கிராமத்தைப் பரிந்துரைக்கும்போது சில எச்சரிக்கைகளும் சொல்ல வேண்டும். கூரியில் இரண்டே இரவுகள், அதுவும் ஒரே வீட்டில்தான் இருந்திருக்கிறேன். எல்லா வீடும் அப்படியே இருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். இரண்டு முறையும் குளிர்காலத்தில் போனவன்; மே மாதத்து வெயிலில் மண்குடிசை எப்படி இருக்கும் என்று பேச எனக்கு அருகதையில்லை. கழிவறை முற்றத்துக்கு அப்பால் இருந்தது, குந்தி உட்காரும் வகை. முழங்கால் வலிக்காரரான மாமனாரைக் கூட்டிப்போயிருந்தால் பெரும்பாடாகியிருக்கும் என்பதால் அந்த இரண்டு நாளும் அவர்கள் இருவரையும் ஜெய்சல்மேரிலேயே விட்டுவிட்டுப் போனோம். டிசம்பர் இரவில் குளிர் எலும்பைத் தொடும்; இரண்டு ரஜாய், அதாவது பஞ்சடைத்த போர்வை, போதவில்லை, மூன்றாவது கேட்டு வாங்கினோம். கைக்குழந்தையுடன் செல்பவர்களுக்கு நான் அரண்மனையையே சொல்வேன்.

இன்னொரு முறை போனால் ஜோத்பூரில் இரண்டு இரவு பழைய நகரத்துக்குள், துர்ஜி ஜால்ரா படிக்கிணற்றுக்கு நடந்துபோகும் தூரத்தில் தங்குவேன். கூரியில் மூன்று இரவு. ஜெய்சல்மேரில் கோட்டையின் அடிவாரத்தில் ஓரிரவு. மொட்டைமாடி உள்ள விடுதியாக இருந்தால் கொத்தளங்கள் முழுதும் கண்ணெதிரே நிற்கும். கோட்டைக்குள் தங்கினால் தெரியாத ஒரே பொருள் கோட்டைதான். காலை ஏழு மணிக்கு முன் கோட்டையின் அகை போல் வாயில் வழியாக ஏறினால் உள்ளே தசரா சவுக் சதுக்கத்தில் பால்காரரும் மாடுகளும் மட்டும் இருப்பார்கள். கிராமத்து வீட்டைத் தொலைபேசியில் பேசி முடிக்கும்போது ஒட்டகச் சவாரி உண்டா என்று கேட்பதற்கு முன், குளிக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். எங்கள் வீட்டுக்காரர் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கியவர் கால் மணி நேரம் நிறுத்தவே இல்லை.