மசாய் மாரா சஃபாரி: டஃபல் பையா, டிராலி சூட்கேஸா?

நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குக் குட்டி விமானத்தில் போகிறவர்களுக்குத்தான் இந்தக் குழப்பம்.

எடை: இந்த விமானங்களில் கைப்பையும் சேர்த்து வழக்கமாக 15 கிலோதான். டஃபல், அதாவது சட்டமில்லாத நீளமான துணிப்பை, காலியாக ஒன்று, ஒன்றரை கிலோ. நடுத்தர சூட்கேஸ் 3 முதல் 4 கிலோவை அதுவே தின்றுவிடும்.

ஏற்றுவது: சரக்கறை சிறியது, வளைவானது. துணிப்பையை அமுக்கித் திணிக்கலாம். சக்கரமும் சட்டமும் உள்ள பெட்டி மடங்காது, அதை ஏற்ற மறுப்பார்கள்.

தூசி: இங்கே சூட்கேஸ்தான் மேல். டஃபலின் ஜிப் வழியே செம்மண் புகும். துணிகளைத் தனித்தனித் துணி உறைகளில் போடுங்கள். பாலிதீன் பை வேண்டாம். கென்யாவில் 2017 முதல் தடை.

பூட்டு: சூட்கேஸ் உறுதி. டஃபலில் இரண்டு ஜிப் தலைகளையும் சேர்த்துச் சின்னப் பூட்டு போடலாம், அவ்வளவுதான். கேமராவும் மருந்தும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

விமானம் என்றால் டஃபல், வேறு பேச்சே இல்லை. நைரோபியிலிருந்து ஜீப்பிலேயே போய்த் திரும்புகிறவர்கள் வீட்டிலிருக்கும் சூட்கேஸையே எடுத்துப் போகலாம். வண்டியில் இடம் இருக்கிறதா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.