தங்கச்சிமடம் உப்புக்காற்றில் ரைசன் 5 5600ஜி: எந்த பார்ட்டுக்குக் காசு போடலாம்?

ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்து வீட்டுக்கென்று பார்ட் பார்ட்டாக வாங்கிச் சேர்த்த டெஸ்க்டாப், ஒரு கச்சான் காற்று சீசனும் ஒரு வாடைக்காற்றும் பார்த்துவிட்டது. டேலியில் கணக்கு, பையனின் காலேஜ் வேலை, ராத்திரி கொஞ்சம் கேம், அவ்வளவுதான் அதன் பிழைப்பு. யார் வந்து பார்த்தாலும் "என்ன பிராசசர்ணே?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு இருக்கிறவனுக்கு பிராசசர் ரெண்டாம் பட்சம். முதலில் எஸ்.எம்.பி.எஸ் (மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளை பெட்டி), அடுத்து கேபினெட், மிச்சக் காசில் மற்றதெல்லாம்.

டவுனில் கேபினெட்டோடு சேர்த்தே தருகிற "450 வாட்" எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கையில் தூக்கிப் பாருங்கள், பஞ்சு மாதிரி இருக்கும். அதன் ஸ்டிக்கரில் 12 வோல்ட் லைனுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும்; 16 என்றிருந்தால் பன்னிரண்டால் பெருக்கினால் 192 வாட், பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் கிடைக்கிற நிஜமான பவர் அவ்வளவுதான். கடைக்காரரிடம் இதைச் சொன்னால் "எல்லாரும் இதத்தாண்ணே வாங்குறாங்க" என்பார். நம் பக்கம் காற்று வேகமாக அடித்தாலே கரண்ட் போய்ப் போய் வரும், சாயங்காலமானால் லோ வோல்டேஜ் வேறு, இதையெல்லாம் தாங்க வேண்டியது அந்தப் பெட்டிதான். நான் போட்டது கோர்செயர் சிஎக்ஸ் 550, 80 பிளஸ் பிரான்ஸ் (கரண்டை அதிகம் வீணாக்காது என்கிற தரச் சான்று), ஐந்து வருஷ வாரண்டி. இதுவரை ஒரு குறையும் இல்லை. கூடவே 600 விஏ யு.பி.எஸ் ஒன்று, கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினுக்கு அது தாராளம். வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்டப் போகிறவர்கள் பின்னால் இருக்கிற சுவிட்சை யு.பி.எஸ் மோடில் வைக்காவிட்டால் கரண்ட் போகும்போதெல்லாம் மெஷின் ரீஸ்டார்ட் ஆகும்.

கேபினெட் விஷயத்தில் ஆர்ஜிபி லைட்டைப் பார்த்து மயங்காதீர்கள். உள்ளே தகட்டின் வெட்டு ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள், பெயின்ட் இல்லாமல் பளபளவென்று இருந்தால் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். பின்பக்க ஸ்லாட் மூடி, திருகுகள், யுஎஸ்பி போர்ட்டின் விளிம்பு, இந்த மூன்றும் நம் ஊரில் சீக்கிரம் பழுப்பேறிவிடும். முன்னால் கழற்றிக் கழுவுகிற மாதிரி வலை ஃபில்டர் இருக்கட்டும், காற்றை உள்ளே இழுக்கிற ஃபேன் இரண்டு, வெளியே தள்ளுவது ஒன்று என்று வைத்தால் சந்து வழியாகத் தூசியும் மணலும் நுழைவது குறையும். மெஷினைக் கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள். வாரக்கணக்கில் மூடியும் போடாதீர்கள், தினமும் கொஞ்ச நேரம் ஓடினால் உள்ளே சூட்டுக்கு ஈரம் தங்காது.

சரி, பிராசசர். 5600ஜி 2021ல் வந்த பழைய சரக்கு, ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட். கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, கூலரும் பெட்டியிலேயே வருகிறது. டேலிக்கும் படிப்புக்கும் இது போதும் போதும், புதிய பெரிய கேம் எல்லாம் இதில் ஆசைப்படக் கூடாது. ராம் மட்டும் 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக வாங்காதீர்கள், உள் கிராபிக்ஸ் அந்த ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது, 8 ஜிபி இரண்டாகப் போட்டால் கேமில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இன்னொன்று, எஸ்எஸ்டியும் பிராசசரும் பேசிக்கொள்கிற பிசிஐஇ லைன் இந்த பிராசசரில் 3.0 வரைக்கும்தான், அதைவிட வேகமான ஜென் 4 (பிசிஐஇ 4.0) எஸ்எஸ்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண். பி550 மதர்போர்டு பழைய ஸ்டாக் என்றால் பயாஸ் (போர்டுக்குள் இருக்கிற அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணித் தரச் சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் டிஸ்ப்ளே வராது, திரும்பப் பாம்பன் பாலம் தாண்ட வேண்டிவரும். பின்னால் பெரிதாக மாற்றும் யோசனை இருந்தால் புதிய ஏஎம்5 சாக்கெட் போர்டுக்குப் போங்கள், 5600ஜி உட்காருகிற ஏஎம்4 சாக்கெட் இந்தத் தலைமுறையோடு சரி.

டிஸ்ப்ளே போனால் ராமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துப் போடுவது நம் மெக்கானிக்குகளின் வழக்கம். வேலை செய்யத்தான் செய்கிறது. ஆனால் அடிக்கடி அழுத்தித் தேய்த்தால் மெல்லிய தங்க முலாம் போய்விடும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொண்டு துணியில் தொட்டுத் துடையுங்கள்.